ஒரு ஆமென் போதும் என்று கேட்டேன்

விசுவாசக் குடும்பத்தார் எல்லாருக்கும் எஸ்தரின் அன்பு. நின்று பேசிச் சாட்சி சொல்ல எனக்குக் குரல் போதாது. அதனால்தான் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துக் காட்டுங்கள். நடுநடுவே என் கோபமும் வரும். அதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், அதுவும் சாட்சியில் சேர்ந்ததுதான்.

நான் காரைக்கால் தலத்தெருவில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் மோசஸ், மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள் ஜெனி, பன்னிரண்டாம் வகுப்பு. தெருவில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் கழுத்தளவு எடுக்கிறவள் நான். என் கழுத்தில் கட்டி வந்தது எனக்கே தெரியவில்லை. போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம், கண்ணாடி முன்னால் உட்கார வைத்து ஜெனிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள்தான் பார்த்தாள்.

"அம்மா, எச்சி முழுங்கு. இன்னொரு தரம். அங்க என்னமோ ஏறி எறங்குதும்மா."

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார்கள். தைராய்டில் வந்த கட்டி, கெட்ட கட்டி என்று சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கடலூர் தாண்டியதும் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். தலத்தெரு வரும்வரை விடவேயில்லை.

நான் அழுதது கட்டிக்காக மட்டும் இல்லை. அந்த நேரத்தில் நான் ஒரு பாட்டு ஆல்பத்தின் நடுவில் இருந்தேன்.

என் அம்மா ஊர் சுரக்குடி. நடவு வயலில் வளர்ந்த பிள்ளை நான். நாற்று நடும்போது ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் குனிந்தபடியே வாங்கிப் பாடுவார்களே, அந்த மெட்டெல்லாம் எனக்குள் ஊறிக் கிடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கர்த்தரை அறிந்துகொண்டேன். வாயைத் திறந்தால் அந்த மெட்டில்தான் துதி வந்தது. செங்கடல் பிளந்ததைப் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பால் பொங்கி வழிந்த அடுப்பைத் துடைக்கிறபோதும் அவர் பக்கத்தில் நிற்கிறாரே, அதைப் பாட ஒருத்தி வேண்டாமா? நான் அதைப் பாடினேன். சமையல் பாதியில் கேஸ் தீர்ந்துபோன காலை ஒரு பாட்டு. அம்பகரத்தூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஜெபிக்கிறவளுக்கு ஒரு பாட்டு. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி மாற்றுகிறவளுக்கு ஒன்று.

மொத்தம் ஏழு பாட்டு. ஆறு முடிந்திருந்தது. மொபைல் கடைக்கு மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற பிரபு தம்பிதான் பதிவு செய்தார். ஏழாவதுதான் ஆல்பத்துக்கே பெயர் தந்த பாட்டு, 'அடிநூல்'. தையல் தெரிந்தவர்களுக்குப் புரியும். மிஷினுக்குக் கீழே பாபினிலிருந்து வருகிற நூலை யாரும் பார்ப்பதில்லை. அது இல்லாவிட்டால் தையல் நிற்காது.

மேல ஓடும் நூலப் பார்த்து ஊரு மெச்சுது
அடியில ஓடும் நூலு தானே துணியப் புடிச்சுது

நன்றாக வரவேண்டும் என்று அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தெளிவாகவே சொன்னார்.

"கட்டி, குரல் நரம்ப ஒட்டினாப்புல இருக்கும்மா. எடுக்கறப்ப அந்த நரம்பு சோர்ந்து போகலாம்."

"நான் பாடுறவங்க டாக்டர்."

"தெரியும்மா. மொதல்ல நீங்க இருக்கணும்ல?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார். கண் விழித்தபோது ஜெனியைக் கூப்பிட்டேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. சில நாளில் கரகரவென்று கொஞ்சம் சத்தம் திரும்பியது. "நான் சொல்ற வரைக்கும் பாடக் கூடாது, கத்தக் கூடாது, கிசுகிசுன்னும் பேசக் கூடாது. நரம்பு தேறணும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இனிமேல் சொல்லப்போவது எங்கள் சபையாருக்கு மட்டுமே வரக்கூடிய தவறு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் வருகிற முதல் ஞாயிறே முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும், அது எங்கள் வழக்கம். நான் என்றால் பாட்டும் சேர்த்து. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாஸ்டரம்மா மைக்கை எடுத்துக்கொண்டு நேராக என்னிடமே வந்துவிட்டார்.

கூடாது என்று கையை ஆட்டினேன். கழுத்தைக் காட்டினேன்.

"கர்த்தர் குணமாக்கிட்டாரு, நீங்க ஏன் பயப்படுறீங்க? விசுவாசத்துல வாயத் தொறங்க சிஸ்டர். சத்தம் தானா வரும்."

எல்லாரும் கை தட்ட ஆரம்பித்தார்கள். அல்லேலூயா என்றார்கள். அவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. என்மேல் உள்ள பிரியம்தான். என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து, "வேணாங்க, டாக்டரு பாடக் கூடாதுன்னாரு" என்றார். அந்தக் கைத்தட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. மைக் என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. சபை முழுவதும் என்னையே பார்த்தது.

பாடினேன். முதல் அடி எப்படியோ வந்தது. இரண்டாவது அடியில் மேலே ஏறும் இடத்தில் தொண்டைக்குள் ஏதோ அறுந்த மாதிரி வலித்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மைக் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஒருவர் வயரைப் பிடுங்கி மாட்டினார். மைக்குக்கு ஒரு கேடும் இல்லை.

மறுபடியும் புதுச்சேரி. டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். ஏற்கெனவே சோர்ந்திருந்த இடத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். யார் பாடச் சொன்னது என்று கேட்டார். இனி ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அதன் பிறகு வந்த மாதங்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஜெனியைக் கூப்பிட எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் வா, இரண்டு தட்டு என்றால் சாப்பாடு. அவள் சிரிப்பாள், "ஸ்கூல் பெல்லு மாதிரி இருக்கும்மா" என்பாள். பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுவாள், எனக்குத் தெரியும். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் என்னிடம் கத்திக் கத்திப் பேசுவார்கள். ஊமையென்றால் செவிடும் கூடத்தான் என்று நினைப்பு போலிருக்கிறது.

அதெல்லாம்கூடத் தாங்கலாம். சபைதான் தாங்க முடியவில்லை. எஸ்தருக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் பாதிப் பாட்டில் நின்றுவிட்டது என்று ஒரு பேச்சு. வயல்காட்டு மெட்டில் கர்த்தரைப் பாடியதற்கு வந்த சிட்சை என்று இன்னொரு பேச்சு. என் காதுபடவே சொன்னார்கள். பதில் சொல்ல வாய் இருந்திருந்தால் அன்றைக்குச் சண்டை நடந்திருக்கும். "உயிர் தப்பிச்சதே பெருசு, ஸ்தோத்திரம் பண்ணுங்க" என்று வேறு சொல்வார்கள். உயிர் பெரிதுதான். எனக்குத் தெரியாதா? ஆனால் என் உயிர் எங்கே இருந்தது என்று எனக்குத்தானே தெரியும்.

எங்கள் சபையில் எல்லாரும் வாய்விட்டுத்தான் ஜெபிப்போம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் பாரத்தைச் சொல்வார்கள், மற்றவர்கள் ஆமென், ஆமென் என்று கூடச் சேர்ந்து தாங்குவார்கள். லீதியாள் என்று ஒரு சகோதரி. அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவள் ஜெபிக்க ஆரம்பித்தாலே என் வாயிலிருந்துதான் முதல் ஆமென் வரும். இப்போது அவள் அழுகிறாள், நான் மரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவள் ஒருமுறை திரும்பி என்னைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னால் மறக்க முடியாதது. அடுத்த வெள்ளியிலிருந்து நான் போகவில்லை. ஞாயிறும் போகவில்லை.

பிரபு தம்பி வீட்டுக்கு வந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. கடைசிப் பாட்ட மட்டும் வேற யாரையாச்சும் வச்சுப் பாடிரலாமா?"

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பாவம், அவர் டீயைக் குடிக்காமலே போனார். முடிந்த ஆறு பாட்டையும் ஜெனி தன் போனில் வைத்திருந்தாள். ஒரு நாள் போட்டாள். சமையலறையில் நின்று நானே பாடுவதை நானே கேட்டேன். கர்த்தர் அடுப்படியில் கூட நிற்கிறார், பஸ்ஸில் கூட நிற்கிறார் என்று அந்தப் பெண் அவ்வளவு சந்தோஷமாகப் பாடுகிறாள். யார் இவள், இவளுக்கு என்ன தெரியும் என்று இருந்தது. போனைப் பிடுங்கி அணைத்துவிட்டேன்.

ஆடி மாதக் காற்று தெருவில் மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஒரு ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் போட்டுக்கொண்டிருந்தேன். அடியில் நூல் தீர்ந்தது எனக்குத் தெரியவில்லை. மிஷின் ஓடுகிறது, ஊசி குத்துகிறது, மேல் நூல் அழகாக விழுகிறது. எடுத்து இழுத்துப் பார்த்தேன். துணி இரண்டாக வந்துவிட்டது.

அப்படியே மிஷின்மேல் தலையை வைத்துக்கொண்டேன். சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். மனதுக்குள் கர்த்தரோடு சண்டை போட்டேன். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. "அடியில் நீர் ஓடுகிறீர் என்று நான்தானே ஊருக்கெல்லாம் பாடினேன்? எங்கே போனீர்? பாட்டு வேண்டாம். ஆல்பம் வேண்டாம். பழைய குரலை நீரே வைத்துக்கொள்ளும். லீதியாள் அழும்போது சொல்ல ஒரே ஒரு ஆமென் கொடும். அது போதும். அதற்கு மேல் கேட்க மாட்டேன்." இதுதான் நான் செய்த ஜெபம். அழகான ஜெபம் இல்லை. அதைவிட நல்ல ஜெபம் எனக்கு வரவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து பாபினில் நூல் சுற்றி, பிரிந்த துணியை மறுபடி தைத்தேன்.

அந்த வாரத்திலேயே பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் வருவது அதுதான் முதல் தடவை. வாசலில் ஜெனி நின்றிருந்தாள். உள்ளே விடவில்லை.

"எங்கம்மாவ நீங்கதான் பாட வச்சீங்க, ஆன்ட்டி. டாக்டரு கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. அப்பா எழுந்திரிச்சு சொன்னாங்க. நீங்க யாருமே கேக்கல."

நான் உள்ளே இருந்து டம்ளரைத் தட்டினேன், வா என்று. அவள் நகரவில்லை. பாஸ்டரம்மா வாய் சாமர்த்தியம் உள்ளவர், எதற்கும் பதில் வைத்திருப்பவர். அன்றைக்கு "ஆமா தங்கம், நான்தான்" என்றார். அவ்வளவுதான். ஜெனி வழி விட்டாள்.

வந்து தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊக்கு வைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஊக்கு வைக்க ஆரம்பித்தார். நானும் ஒன்றை எடுத்தேன். அவர் வைத்த ஊக்கு ஒன்றுகூட நேராக இல்லை, பிறகு பிரித்துத்தான் வைத்தேன். ஒரு ஜாக்கெட்டை முடித்து வைத்துவிட்டு, "எதுக்காக ஜெபிக்கணும், எஸ்தரு?" என்று கேட்டார். குணமாகணும்னு ஜெபிப்போமா என்று அவராகச் சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அவர் கேட்டார். போனை எடுத்து எழுதிக் காட்டினேன், ஒரு ஆமென் போதும் என்று.

படித்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை வாங்க. ஒங்கள யாரும் ஒண்ணும் செய்யச் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கறேன். வந்து உக்காருங்க, போதும்."

போக மனமே இல்லை. என் வீட்டுக்காரர்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டார். "பிடிக்கலைன்னா போன்ல ஒரு மிஸ்டு கால் குடு. வந்து அழைச்சுட்டுப் போயிடறேன்" என்றார். ஐஸ் வண்டியை சபை வாசலிலேயே நிறுத்திக்கொண்டு நின்றார், போகவேயில்லை. அன்றைக்கு எத்தனை பேருக்கு ஐஸ் தாமதமானதோ.

பாஸ்டரம்மா முன்னால் வந்து நின்றார். மைக்கை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இன்னைக்கு யாரும் வாயத் தொறக்கக் கூடாது. எஸ்தர் சிஸ்டர் இத்தனை மாசமா எப்படி ஜெபிக்கிறாங்களோ, அப்படித்தான் இன்னைக்கு நாமளும். ஸ்தோத்திரம்கூட உள்ளுக்குள்ளதான். அவங்கள அன்னைக்குப் பேச வச்சது நான். இன்னைக்கு நான் பேசாம இருக்கறேன்."

எங்கள் சபையைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். நாங்கள் ஜெபித்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்குக் கேட்கும். சும்மா இருக்கத் தெரியாத ஜனம். முதலில் எல்லாரும் நெளிந்தார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் "அல்..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டார். ஃபேன் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்த ஃபேனுக்கு அப்படி ஒரு கிறீச்சுச் சத்தம் உண்டு என்றே எனக்குத் தெரியாது. யாருக்கோ பசியில் வயிறு இரைந்தது. ரோட்டில் ஒரு ஆடு கத்திக்கொண்டே போனது. தூரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், அது முடிகிறவரைக்கும் கேட்டது. அதன் பிறகு உண்மையாகவே ஒன்றும் இல்லை. அழுகிறவர்கள்கூடச் சத்தமில்லாமல் அழுதார்கள். நான் இத்தனை மாதமாகத் தனியாக உட்கார்ந்திருந்த இடத்துக்கு எல்லாரும் வந்து என்னோடு உட்கார்ந்திருப்பது போலிருந்தது. அதுவரை ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழுததில்லை.

லீதியாள் எழுந்து நின்றாள். அவளும் பேசவில்லை. தாலி இல்லாத வெறுங்கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். என்ன ஜெபித்தாள் என்று எல்லாருக்கும் தெரியும். முடித்துவிட்டு அப்படியே நின்றாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்லக் கூடாது அல்லவா? நாற்பது பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

"ஆமென்."

துருப்பிடித்த கதவு திறந்த மாதிரி ஒரு சத்தம். யார் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது.

லீதியாள் ஓடிவந்து என் மடியில் விழுந்தாள். யாரும் கத்தவில்லை, கை தட்டவில்லை. பாஸ்டரம்மா நின்ற இடத்திலேயே முழங்காலில் விழுந்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார், கடைசிவரை வாயைத் திறக்கவேயில்லை. வாசலில் வண்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றார்.

பிறகு டாக்டரிடம் சொன்னேன். ரத்தக்கட்டு கரைந்து, நரம்பு மெல்லத் தேறுகிறது, ஓய்வில் விட்டதால் வந்தது என்றார். அப்படியே இருக்கட்டும். அவரும் கர்த்தருடைய கைதான். ஆனால் ஒன்றை மட்டும் நான் மறக்க மாட்டேன். வழக்கம்போல எல்லாரும் வாய்விட்டு ஜெபித்திருந்தால் அந்த ஆமென் எனக்கே கேட்டிருக்காது.

பழைய குரல் வரவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன். சில நாள் கொஞ்சம் பேசினாலே அடைத்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை கட்டி திரும்பியிருக்கிறதா என்று பார்க்கப் போக வேண்டும். அதற்கு முந்தின வாரமெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. குணமானேன் என்று நான் சொல்ல மாட்டேன். நான் கேட்டதும் அது இல்லையே.

கார்த்திகை மழையில் பிரபு தம்பி ஸ்டூடியோவுக்குப் போய் 'அடிநூல்' பாட்டைப் பாடினேன். சுருதியை எவ்வளவோ இறக்க வேண்டியிருந்தது. மேலே ஏறுகிற இடத்தில் ஏறவில்லை, அங்கே பேசிவிட்டேன். கம்ப்யூட்டரில் குரலைச் சரி பண்ணிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். கிறிஸ்துமஸுக்கு ஆல்பம் வந்தது. ஆறு பாட்டு அந்தப் பெண்ணின் குரல், ஏழாவது என் குரல். ஜெனியின் போனுக்கு ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார், கடைசிப் பாட்டைப் பாடிய பாட்டி யார், அவர் பாடியதுதான் மனதை என்னமோ செய்கிறது என்று. ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. நானும் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

இப்போது எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபம் பழையபடி பஸ் ஸ்டாண்டுவரை கேட்கிறது. ஆனால் லீதியாள் ஜெபித்து முடித்ததும் எல்லாரும் சட்டென்று அமைதியாகிவிடுகிறார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நான் முதலில் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள். சில வாரம் எனக்குச் சத்தம் வர நேரமாகும். அப்போதும் ஒருவரும் முந்திக்கொள்வதில்லை.

ஜெபிக்க வார்த்தை இல்லாதவர்கள், பாதிப் பாட்டில் நின்றுபோனவர்கள், கர்த்தர்மேல் கோபமாக இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், வாருங்கள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசி வரிசையில் உட்காருங்கள், என் பக்கத்தில் இடம் இருக்கிறது. உங்களால் ஆமென் சொல்ல முடிகிறவரை நாங்கள் வாயைத் திறக்காமல் காத்திருப்போம்.